ஜொகூர்ச் சாலைகளில் ஒரு யந்திரத்தின் சுவாசம்

மலேயா தீபகற்பத்தின் தென்கோடியில், கிழக்கே தென்சீனக் கடலும் மேற்கே மலாக்கா ஜலசந்தியும் தெற்கே ஜொகூர் ஜலசந்தியும் சூழ அமைந்திருக்கும் ஜொகூர் மாநிலத்தை ரயிலிலும் மோட்டார் காரிலும் கடந்து சென்றவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்நாட்டின் உஷ்ணத்தையும் ஈரத்தையும், பிற்பகல்தோறும் திடீரென்று வந்து இறங்கும் மழையையும், மழை நின்றதும் தார்ச்சாலையிலிருந்து எழும் ஆவியையும் மேனியில் உணர விரும்புகிறவர் மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதிலும் யந்திரங்களில் சிரத்தை உள்ளவர்களுக்கு, ஓர் எஞ்சின் தன்னுள்ளே பிறக்கும் நீராவியையும் புகையையும் எண்ணெய்த் திவலைகளையும் எவ்வழியே வெளியேற்றுகிறது, அவ்வழி அடைபட்டால் என்ன நேர்கிறது என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் சீதோஷ்ணம் வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

ஸ்கூடாயில் குடியிருக்கும் என் மைத்துனர், நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகிறவர். 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் இக்கரையில், கிழக்கு வெளுப்பதற்கு வெகு நேரம் முன்பே ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் வந்து கூடி, குடிநுழைவுச் சோதனைக்காக அங்குலம் அங்குலமாக நகர்வதை நான் அவருடன் சென்று பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவை இந்நாட்டார் 'கப்சாய்' என்று வழங்கும் சிறிய வண்டிகள். சிலிண்டர் தரைக்கு இணையாகப் படுத்திருக்க, காலை வீசிப் போடாமல் எளிதில் ஏறி உட்காரத்தக்க அந்த அமைப்பு, 1958-இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியிலிருந்து வம்சாவளியாக வந்தது. தோட்டத்து ரப்பர்ப் பால்மரக் காட்டுக்குள்ளும் பட்டணத்துச் சந்துகளுக்குள்ளும் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற பேதமின்றி எல்லோரையும் சுமந்து வருவது இவ்வண்டியே.

அந்த வரிசையில் நின்றுகொண்டிருக்கையில் என் மனம் சென்றதெல்லாம் அவ்வண்டிகளின் உட்புறத்திலேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவி வடிவில் பிறக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடுகிறது. ஆனால் எரியும் வாயுவில் ஒரு சிறு அம்சம், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளின் இடுக்குகள் வழியாகக் கீழே கசிந்து, கிராங்க் கேஸ் என்னும் அடிப்பெட்டிக்குள் புகுந்துவிடுகிறது. புதிய எஞ்சினானாலும் பழைய எஞ்சினானாலும், அளவில் வேற்றுமை உண்டேயன்றி, இக்கசிவு அறவே இல்லாத எஞ்சின் கிடையாது. ஏனெனில் உஷ்ணத்தால் விரிவதற்கு இடம் கொடுக்க வேண்டி ஒவ்வொரு ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டே தீர வேண்டும். இவ்வாறு கீழே இறங்கிய வாயுவில் நீராவியும், எரியாத பெட்ரோலும், அமிலத் தன்மையுள்ள பொருள்களும் கலந்திருக்கின்றன. எண்ணெய் நன்றாகக் காய்ந்து, நீரின் கொதிநிலைக்கு அருகில் சிறிது நேரம் நின்றால் இவையெல்லாம் ஆவியாகி, பிரீதர் என்னும் மூச்சுக் குழாய் வழியே வெளியேறிவிடும். பாலத்து வரிசையிலோ எஞ்சின் அரைகுறைச் சூட்டில் முனகிக்கொண்டே நிற்கிறது. ஆகாயத்திலோ ஈரம் நிறைந்திருக்கிறது. தண்ணீர் எண்ணெயோடு கலந்து குழைந்து, பால் விட்ட காப்பியின் நிறத்தில் ஒரு களிம்பாக மாறி, மூடிகளின் உட்புறத்திலும் குழாய்களிலும் படிந்துவிடுகிறது.

மைத்துனருடைய வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில், முனையில் ஒரு சிறு அடைப்பான் செருகிய குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பெட்டியிலிருந்து வரும் வாயு ஃபில்டர் பெட்டிக்குள் விடப்பட்டு, மறுபடியும் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிக்கப்படுவதற்காக அவ்வண்டியில் வழி செய்திருக்கிறார்கள். அங்கே பிரிந்து தங்கும் தண்ணீரையும் எண்ணெயையும் வடிப்பதற்கே இக்குழாய். மழையில் ஓடும் வண்டிகளுக்கும் ஓயாமல் முழு வேகத்தில் ஓடும் வண்டிகளுக்கும் இதை வழக்கத்தைவிட அடிக்கடி வடிக்க வேண்டும் என்று ஹோண்டாவின் கையேடுகள் சொல்கின்றன. கடற்பாலத்து வண்டிகளைப்போல் மழையில் நனைகிறவை வேறு எவை! அடைப்பானை எடுத்ததும் களிம்பும் நீரும் கலந்து ஒரு கைப்பிடியளவு இறங்கியதைக் கண்டு மைத்துனர், "இது இருக்கிறதே எனக்குத் தெரியாது மச்சான்" என்று வியந்தார்.

இவ்விஷயத்தைப் பற்றி நான் இவ்வளவு யோசித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஜொகூரின் கிழக்குக் கரையைச் சுற்றி வருவதற்காக நான் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியிருந்த வண்டி, ஆங்கிலேயர் காலத்து வடிவத்தில் அமைந்த 350 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அதை முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர், பிரீதர் குழாயையும் அதன் வால்வையும் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வாயில் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சிறு ஃபில்டரைப் பொருத்தி வைத்திருந்தார். பார்ப்பதற்கு அது அழகாகவே இருந்தது.

ஜொகூர் பாருவிலிருந்து உலு திராம் வழியாக வடகிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் சென்றால் கோத்தா திங்கி. ஊருக்கு அருகே கம்போங் மக்காமில், 1699-இல் பல்லக்கில் போகும்போது கொலையுண்ட சுல்தான் மஹ்மூதின் சமாதி இருக்கிறது. மலாக்கா ராஜவம்சத்தின் நேர்வழி அவரோடு அற்றுப்போயிற்று என்பர். சமாதியைத் தரிசித்துவிட்டு மெர்சிங் சாலையில் திரும்பினால், சிறிது தூரத்தில் பந்தி மலையின் காடு இடப்புறம் நெருங்கி வருகிறது. யானைகள் கடக்கும் இடம் என்று எச்சரிக்கும் பலகைகளைத் தாண்டி, வளைவும் ஏற்றமுமாகச் செல்லும் அந்தச் சாலையில், காட்டின் குளிர்ந்த காற்றும் செம்பனைத் தோட்டங்களின் வெப்பமும் மாறி மாறி முகத்தில் அடிக்கின்றன. எஞ்சின் நிதானமான வேகத்தில் இடைவிடாமல் ஓடுவதற்கு அதைவிட நல்ல பாதை கிடையாது. அப்படி ஓடத் தொடங்கிய பிறகுதான் வலக்கால் பூட்சில் எண்ணெய்ப் பனி படிவதையும், ராக்கர் மூடியின் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு இறங்குவதையும் கண்டேன்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது அடிப்பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு இடம் குறைந்துவிடுகிறது. மேலே ஏறும்போது இடம் கூடுகிறது. ரிங்குகளின் வழியே வரும் கசிவு ஒரு புறமிருக்க, இவ்வெஞ்சின் கொல்லனுடைய துருத்தியைப்போலத் தன் அடிவயிற்றுக் காற்றை ஓயாமல் தள்ளியும் இழுத்தும் வேலை செய்கிறது. நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 50 முறை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 350 கன சென்டிமீட்டர். அதாவது, விநாடிக்குப் பதினேழு லிட்டருக்கு மேற்பட்ட காற்று அந்தச் சிறு வாய் வழியே போகவும் வரவும் முயல்கிறது. ரிங்குகளின் வழியே கசிவது இதில் மிகச் சிறு பங்குதான். இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும் பழைய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களிலும், இரு பிஸ்டன்களும் ஒரே சமயத்தில் உள்நோக்கி வரும் பி.எம்.டபிள்யூ.வின் எதிரெதிர்ச் சிலிண்டர் எஞ்சின்களிலும் இதே உபாதை உண்டு. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் எஞ்சின்களிலோ காற்று உள்ளுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்வதால் உபாதை குறைவு.

அக்காலத்து எஞ்சின் நிபுணர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1937-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பீட் ட்வின் வண்டியில், கேம் தண்டின் முனையில் ஒரு சுழலும் தட்டை வைத்து, பிஸ்டன்கள் இறங்கும்போது மட்டும் வாய் திறக்கும்படி எட்வர்ட் டர்னர் செய்திருந்தார். நார்ட்டன் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும் இவ்விதச் சுழல் வாய் இருந்தது. நம்மவருக்கு நெருக்கமான ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் இதைவிட எளிய உபாயம் உண்டு: 1950-களிலிருந்து சென்னைத் திருவொற்றியூரில் செய்யப்பட்டு வந்த அவ்வண்டிகளின் பிரீதர் குழாய் நுனியில் வாத்தின் அலகுபோல் தட்டையான ஒரு ரப்பர் வால்வு இருக்கும், உள்ளிருந்து தள்ளினால் விரியும், வெளியிலிருந்து இழுத்தால் உதடு மூடிக்கொள்ளும். காசுக்கு ஆகாத பண்டம்போல் தோன்றும் அந்த ரப்பர் துண்டின் பயன் பெரிது. காற்று வெளியேறலாம், உள்ளே வரலாகாது என்று ஆகிவிட்டால், எஞ்சின் புறப்பட்ட சில கணங்களுக்குள்ளேயே அடிப்பெட்டியின் சராசரி அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுகிறது. அதன் பிறகு மூடிகளின் இணைப்புகளில் காற்று உள்நோக்கி இழுக்கப்படுமேயன்றி எண்ணெய் வெளிநோக்கித் தள்ளப்படாது. வெளியே போவதும் கசிந்து வந்த வாயுவின் அளவுதான்.

நான் ஏறியிருந்த வண்டியில் வால்வு இல்லை. பிஸ்டன் ஏறும்போதெல்லாம் ஜொகூரின் ஈரக் காற்றை அது உள்ளே இழுத்தது. இறங்கும்போதெல்லாம் எண்ணெய்ப் பனியை அந்தச் சிறு ஃபில்டரின் பஞ்சில் அடித்தது. பஞ்சு ஊறியது, ஊறிய பஞ்சில் களிம்பு சேர்ந்தது, காற்றுக்கு வழி குறுகியது. மெர்சிங் ஆற்றங்கரையில், தியோமான் தீவுக்குப் போகும் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் அணைந்து நிற்கும் துறைக்கு எதிரே வண்டியை நிறுத்தி ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்தபோது, காப்பி நிறத்துக் களிம்பு விரல்களுக்கிடையே வழிந்தது. பக்கத்தில் நின்ற படகோட்டி ஒருவர், சிலிக்கான் பசையைப் பூசி மூடியை இறுக்கிவிடும்படி மலாய் மொழியில் அன்போடு யோசனை சொன்னார். உலகெங்கும் எண்ணெய் ஒழுகும் வண்டிக்குச் சொல்லப்படும் யோசனை அதுவே. இணைப்பைப் பசையால் அடைத்தால், போக வழியில்லாத அழுத்தம் அடுத்த பலவீனமான இணைப்பைத் தேடிப் போகும். அதையும் அடைத்தால் ஆயில் சீலைத் தள்ளும். குளிர்நாடுகளில் பிரீதர் குழாயில் தங்கிய நீர் உறைந்து வழியை அடைத்து, சீல்களையே பிதுக்கித் தள்ளிவிடுவது உண்டு. இங்கே பனிக்கட்டி செய்யும் வேலையைக் களிம்பு செய்கிறது.

மெர்சிங்கிலிருந்து தெற்கே ஜெமாலுவாங் வரையில் வந்து, அங்கிருந்து மேற்கே குளுவாங்குக்குத் திரும்பும் சாலையில், கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பல இப்போது செம்பனைக்கு மாறிவிட்டன. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் இருந்த சில இடங்களில் ஒரு கோயிலும் ஓர் அரசமரமும் மட்டும் நிற்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுவதானால் தனிக் கட்டுரை வேண்டும். பிற்பகல் மழை பிடித்துக்கொள்ள, ஒரு பேருந்து நிழற்குடையின் கீழ் ஒதுங்கி நின்றுவிட்டு, லம்பாக் மலை தெரியத் தொடங்கியபோது மாலையாகிவிட்டது.

குளுவாங்கில், உடன் வந்திருந்த மைத்துனருக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனோம். இளமையில் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர்களுக்கும் லாரிகளுக்கும் மராமத்துச் செய்து பழகியவர் அவர். பிரீதர் குழாயில் வரும் புகையின் அளவைக் கொண்டே டீசல் எஞ்சினின் ரிங்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கணிக்கும் வழக்கம், போமன்கள் என்று இங்கே வழங்கும் அக்காலத்து மெக்கானிக்குகளுக்கு உண்டு. அவர் வண்டியைச் சுற்றி வந்து, எண்ணெய்க் கோடுகளைத் துணியால் துடைத்துவிட்டு, "தம்பி, எண்ணெய் எங்க ஒழுகுதுன்னு எல்லாரும் பாக்குறாங்க. காத்து எங்க போகுதுன்னு யாரும் பாக்குறதில்ல. மொதல்ல காத்தப் பாப்போம்" என்றார்.

அதன்பின் அவர் செய்த பரிசோதனை முறையை, பழைய வண்டி வைத்திருப்போர் யாவரும் அறிந்துகொள்ளத் தக்கதென்று கருதி, சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதலில் அந்தச் சிறு ஃபில்டரை எடுத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பிரீதர் வாயில் உள்ளங்கையை வைத்தார். காற்று கையைத் தள்ளுவதும் இழுப்பதும் சம அளவில் இருந்தால் அது பிஸ்டனின் இயல்பான வேலை. இழுப்பு மங்கி, புகையோடு தள்ளுவதே ஓயாமல் மேலோங்கி நின்றால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். பிறகு எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அழுத்தமானியைப் பொருத்தி, கிக்கரை உதைத்து அளவு பார்த்தார். சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடியும் பார்த்தார். எண்ணெய் ரிங்குகளின் இடுக்கை அடைப்பதால், தேய்ந்த எஞ்சினாயின் இரண்டாம் முறை அளவு நன்றாக உயரும். வால்வுகளில் கோளாறு என்றால் அத்தனை உயராது. இவ்வண்டியில் அளவு சிறிதே உயர்ந்தது. அதோடும் அவர் திருப்தி அடையவில்லை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கியரைப் போட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பிளக் துளை வழியாகக் கம்பிரஸர் காற்றைச் செலுத்தினார். சீறும் ஒலி சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு, கார்பரேட்டரில் கேட்டால் உள்வால்வு, பிரீதர் வாயில் கேட்டால் ரிங். காதை ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டபின், பிரீதர் வாயில் லேசான சீறல் மட்டுமே இருக்கக் கண்டு, "ரிங் நல்லாத்தான் இருக்கு. மூச்சுத்தான் மாட்டிக்கிச்சு" என்று முடிவு சொன்னார்.

எண்ணெயின் அளவையும் அவர் பார்த்தார். இத்தகைய வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே தனி அறையாக அமைந்திருப்பதால், நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியில் எண்ணெய் பம்ப்பின் இடுக்கு வழியே மெல்ல இறங்கி அடிப்பெட்டியில் தேங்கிவிடுகிறது. மறுநாள் கிக்கரை உதைத்ததும் அதெல்லாம் பிரீதர் வழியே பீறிட்டு வருகிறது. அதைக் கண்டு பயந்து எஞ்சினைப் பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. நின்ற வண்டியில் அளவு குறைவாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஊற்றியது முழுவதும் பிறகு சாலைக்கே போய்ச் சேரும். எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, இறங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிய பின்பே அளவு பார்ப்பது முறை.

அன்றிரவே மாற்று ஏற்பாடு தொடங்கியது. பழைய கார் ஒன்றின் பிரேக் சர்வோவிலிருந்து எடுத்த ஒருவழி வால்வை, அடிப்பெட்டியின் வாய்க்கு மிக அருகிலேயே பொருத்தினார். வால்வு தூரத்தில் இருந்தால் நடுவே உள்ள குழாய்க்குள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து சுருங்கி விரிந்து அதன் வேலையைக் கெடுக்கும் என்று நூல்களில் நான் படித்ததை, அவர் கைப்பழக்கத்தாலேயே அறிந்திருந்தார். (சர்வோ வால்வின் ரப்பர் சூடான எண்ணெயில் நாளடைவில் தடித்துப் போகக்கூடும், மெல்லிய எஃகுத் தகடு திறந்து மூடும் ரீட் வால்வு கிடைக்குமாயின் அதுவே உத்தமம் என்பது என் எண்ணம். குளுவாங்கில் இரவு எட்டு மணிக்கு அது கிடைக்கவில்லை.) வால்விலிருந்து, எண்ணெய்க்கு இளகாத தடித்த ரப்பர் குழாய் மேல்நோக்கி ஏறியது. குழாய் அகலமாக இருக்க வேண்டும். அகலமானால் காற்றின் வேகம் குறைந்து, திவலைகள் சுவரில் படிந்து திரும்பி இறங்கும். எங்கும் தொய்வு இருக்கலாகாது. தொய்ந்த இடத்தில் நீர் தங்கி வழியை மறிக்கும். சீட்டுக்கு அடியில், ஓர் அலுமினியச் சீசாவுக்குள் பாத்திரம் துலக்கும் எவர்சில்வர் நாரைச் சுருட்டி வைத்து, குழாயை நடுப்பகுதியில் நுழைத்து, மேலிருந்து மற்றொரு குழாயை ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கொண்டு போனார். அடியில் வடிப்பதற்கு ஒரு திருகு.

சீசா இல்லாமல் நேரே ஃபில்டர் பெட்டிக்கு விட்டால் என்ன என்று மைத்துனர் கேட்டார். சிறு வண்டிக்குப் போதுமானது பெரிய ஒற்றைச் சிலிண்டருக்குப் போதாது. எண்ணெய்ப் பனி மிகுந்து கார்பரேட்டர் வழியே எரிகலத்துக்குள் போனால் பிளக் கரிபிடிக்கும். பிஸ்டன் தலையில் கரி படியும். எண்ணெய் கலந்த பெட்ரோல் தட்டுதலைத் தாங்கும் சக்தியை இழக்கும். வாயு எரிகலத்துக்குப் போகட்டும், எண்ணெய் சீசாவில் நிற்கட்டும் என்பதே ஏற்பாட்டின் உட்கருத்து. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தப் பிரச்சினையே எழுவதில்லை. மலேசிய இளைஞர்கள் இன்றும் கண்போல் காப்பாற்றும் யமஹா ஆர்.எக்ஸ்.இஸட். போன்றவற்றில் அடிப்பெட்டிதான் புதுக்காற்றையும் பெட்ரோலையும் உள்ளிழுத்து மேலே தள்ளுகிறது. அதற்கு வெளியே ஒரு வாய் வைத்தால் எஞ்சின் ஓடவே ஓடாது.

மறுநாள் காலை குளுவாங் ரயில் நிலையத்தில் காப்பி. 1938 முதல் அங்கே நடந்துவரும் அந்தக் காப்பிக் கடையில், கரியில் வாட்டிய ரொட்டியும் காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாமும் உண்டு எழுந்தபோது, 1909-இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையில் முடிக்கப்பட்ட இருப்புப் பாதையே இந்த ஊரையும், ரெங்கத்தையும், லாயாங் லாயாங்கையும், கூலாயையும் ஒரே நூலில் கோத்து வளர்த்தது என்பது நினைவுக்கு வந்தது. அந்த ஊர்களின் வழியாகவே திரும்பினோம். ராக்கர் மூடியின் விளிம்பு உலர்ந்தே இருந்தது. பசை பூசவில்லை, கேஸ்கெட் மாற்றவில்லை, மூடியைத் திறக்கவே இல்லை. கூலாயில் நிறுத்திச் சீசாவின் திருகைத் திறந்தால், வண்டலில்லாத சிறிது தண்ணீரும் அதன்மேல் மெல்லிய எண்ணெயும் இறங்கின. இவ்வளவு நாள் எஞ்சினுக்குள் தங்கி, எண்ணெயைக் கெடுத்து, பேரிங்குகளை அரித்துக்கொண்டிருந்த நீர் அது. அதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை யந்திரப் பிரியர்கள் அறிவார்கள்.

அடுத்த நாள் பாசீர் கூடாங் பக்கம் போனோம். துறைமுகமும், சமையலெண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும் நெருங்கிய அவ்வூரில் அமைந்த ஜொகூர் பந்தயப் பாதையில், 1992-லும் 1993-லும் உலக சூப்பர்பைக் பந்தயமும், 1998-இல் மலேசிய கிராண்ட் பிரீ மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடந்தன. கிராண்ட் பிரீயில் ஓடியவை யாவும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளாதலால் பிரீதர் பற்றிய கவலை இல்லை. சூப்பர்பைக் வண்டிகளோ நான்கு ஸ்ட்ரோக். பந்தயப் பாதையில் ஒருவர் வண்டியிலிருந்து சிந்தும் எண்ணெய் பின்னால் வருகிறவரின் உயிருக்கு உலை வைக்குமாதலின், நான்கு ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளின் பிரீதர் வாயு வெளியே விடப்படாமல் காற்றுப் பெட்டிக்குள்ளேயே சேர்க்கப்பட வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். பொதுச்சாலைக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. முன்பெல்லாம் மோட்டார் கார்களின் அடிப்பெட்டிக் குழாய், நுனி சாய்வாக வெட்டப்பட்டு, சாலையை நோக்கியே தொங்கவிடப்பட்டிருந்தது. சில மோட்டார் சைக்கிள்களில் அது பின்சங்கிலியின் மேல் சொட்டும்படி வைக்கப்பட்டிருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டத்துக்கு இந்த வாயுவும் ஒரு காரணம் என்று கண்டபின், 1961-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கலிபோர்னியாவில் விற்கப்பட்ட கார்களில் அதை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு வந்தது. என் நண்பரின் வண்டியில் சிறு ஃபில்டரைப் பொருத்தியவர் இத்தனை ஆண்டு முன்னேற்றத்தையும் ஒரு திருப்புளியால் கழற்றிவிட்டார் என்பதே எனக்கு வருத்தம்.

அவ்வூரின் கிம் கிம் ஆற்றைக் காண எனக்கு விருப்பமிருந்தது. 2019 மார்ச் மாதத்தில் அந்தச் சிற்றாற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த நச்சு வாயுவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறியும் வாந்தியெடுத்தும் சிகிச்சைக்கு ஓடினர். அவர்களில் பள்ளிக் குழந்தைகள் பலர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பாலத்தின் மேல் நின்று பார்க்கையில், கண்டலுக்கு நடுவே ஒரு சாதாரண உப்பங்கழி. ஒரு லாரி நிறையக் கொட்டியவரின் குற்றத்தோடு, ஒரு மோட்டார் சைக்கிள் சொட்டும் எண்ணெயை ஒப்பிடுவது நியாயமாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பட்டறை வாசலில் சாக்கடைக்குள் ஊற்றப்படும் பழைய எண்ணெயும் இதே ஜலசந்தியில்தான் போய்க் கலக்கிறது. அதில் ஈயம் முதலிய உலோகத் துகள்களும், எரிந்த எரிபொருளின் நச்சும் இருக்கின்றன. மலேசியாவில் 2005-இல் வந்த விதிகளின்படி, உபயோகித்த மசகு எண்ணெய், எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டின் கீழ் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. உரிமம் பெற்றவர்களிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

குளுவாங் பெரியவர் தம் பட்டறையின் மூலையில் மூடியோடு ஒரு பீப்பாய் வைத்திருக்கிறார். அதில் தண்ணீர் சேராதபடி மேலே தகரக் கூரையும், சிந்தினால் தாங்குவதற்கு அடியில் சிமெண்டுத் தொட்டியும் கட்டியிருக்கிறார். பீப்பாய் நிறைந்ததும் உரிமம் பெற்ற லாரி வந்து எடுத்துச் செல்கிறது. ஸ்கூடாயில் மைத்துனர் வழக்கமாக வண்டி விடும் பட்டறையில் அத்தகைய பீப்பாய் உண்டா என்று விசாரித்தோம், உண்டு என்றார்கள். சீசாவில் சேர்ந்ததையும், கப்சாயின் குழாயில் வடிந்ததையும் ஒரு டப்பாவில் பிடித்து, எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அங்கே கொண்டுபோய் ஊற்றுவதென்று மைத்துனர் ஏற்றுக்கொண்டார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, சீசாவை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையும் மழைக்காலத்தில் அதற்கு முன்பாகவும் திறந்து பார்க்கும்படி நண்பருக்கு ஒரு சீட்டில் எழுதி, சாவியோடு கட்டிக் கொடுத்தேன்.